மூன்று சொல் சீட்டு

பத்தொன்பது வருஷமாகத் தபால் பிரிக்கிறேன். எண்பத்து நான்கு கட்டங்கள் உள்ள மர அலமாரி, ஒரு கட்டத்துக்கு ஒரு தெரு. உறையைப் படிப்பதோடு கண்ணுக்கு வேலை முடிந்தது, போடுவது கை. கட்டத்தைத் திரும்பிப் பார்க்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. பக்கத்தில் நின்று பிரிக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், தேடுவார்கள், தப்பாகப் போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப எடுப்பார்கள். நான் வாய் ஓயாமல் கதை பேசிக்கொண்டே ஒரு மூட்டையை முடித்துவிடுவேன். என் கட்டுகளைச் சரிபார்ப்பதை மேற்பார்வையாளர் எப்போதோ விட்டுவிட்டார். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பெட்டியில் போட்ட கடிதத்தைத் திருப்பிக் கேட்டு வருகிறவர்களை எங்கள் அலுவலகத்தில் என்னிடம்தான் தள்ளிவிடுவார்கள். கோபத்தில் எழுதிவிட்டேன் என்பார்கள், அழுவார்கள், கெஞ்சுவார்கள். "போட்டது போட்டதுதான். கையை விட்டுப் போனா அது உங்களுது இல்ல, போய்ச் சேர வேண்டியவருது" என்பேன். அந்த வரி வீட்டில் என் தம்பிக்கு விளையாட்டாகிவிட்டது. என் தட்டில் இருப்பதைச் சட்டென்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "போட்டது போட்டதுதான்கா" என்பான். நாற்பது வயது ஆள்.

அந்தத் தம்பி பன்னிரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான்.

அவன் எலக்ட்ரீஷியன். என் வீட்டு மாடிப்படி விளக்கு எட்டு மாதமாக எரியவில்லை. "ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுறவன், அக்கா வீடு மட்டும் இருட்டா கிடக்கணுமா?" என்று வாரம் தவறாமல் குத்திக்கொண்டே இருந்தேன். அன்று காலையில் போன் போட்டு, இன்றைக்கு வராவிட்டால் இனிமேல் அக்கா என்று கூப்பிடாதே என்று கத்தினேன். வந்தான். ஏணியைப் படியில் சார்த்தி ஏறினான், நான் கீழே பிடித்துக்கொண்டேன். அடுப்பில் பால் தீய்கிற வாடை வந்தது. "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன்.

நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னால் சத்தம் கேட்டது.

எல்லோரிடமும் "ஏணி வழுக்கிடுச்சு" என்றுதான் சொன்னேன். டாக்டரிடம், போதகரிடம், தம்பி மனைவியிடம், எல்லோரிடமும் அதே சொல். பொய்யில்லை. ஏணி வழுக்கத்தான் செய்தது. அதைப் பிடித்திருந்த கை எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடும். எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் திரும்பி வர வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளித்தாழ்வாரத்தில் கதவிலிருந்து ஜன்னலுக்கு முப்பத்தொரு அடி. "நீங்க நடக்குற நடைக்கு இந்நேரம் வேற ஊருக்கே போயிருக்கலாம், உக்காருங்கம்மா" என்று காவலாளி சொல்லிப் பார்த்துவிட்டார். ஆனால் தம்பி மனைவியோ முதல் நாள் உட்கார்ந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மடியில் கை, மூடிய கண், அசைகிற உதடு. அவள் அமைதியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டினவனுக்கு இப்படி ஆகிவிட்டது, இவளுக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லையா?

சனிக்கிழமை டாக்டரம்மா எங்கள் இருவரையும் அழைத்துச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மூச்சுக் குழாயை எடுப்பார்கள். அதற்குப் பிறகு அவனேதான் மூச்சுவிட வேண்டும்.

"விடலைன்னா?" என்றேன்.

"அப்போ பார்ப்போம்" என்றார். எதைப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக ஆலயத்துக்குப் போனேன். வாசலுக்கு உள்பக்கச் சுவரில் இரண்டு மரப்பெட்டிகள் உண்டு. ஒன்று விண்ணப்பத்துக்கு, மற்றது நன்றிக்கு. ஒரே தச்சர் ஒரே பலகையில் செய்தவை, மேலே எழுதியிருப்பதைப் படித்தால்தான் எது எதுவென்று தெரியும். சீட்டில் மூன்று சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது என்பது எங்கள் சபையின் சட்டம். முன்பொரு முறை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பக்கத்து வீட்டுச் சாக்கடையைப் பற்றி நாலு பக்கம் எழுதிப் போட, அன்றைய போதகர் அதை ஒரு வரி விடாமல் வாசித்துத் தொலைத்தார். ஆராதனை முடிய மதியம் ஆகிவிட்டது. அன்றைக்கு வந்த சட்டம். மிச்சத்தை ஆண்டவருக்குத் தெரியும் என்பது கணக்கு.

"தம்பி. மூச்சு. வீடு." என்று எழுதி, கீழே என் பெயருக்குப் பதில் சபையில் எல்லோரும் கூப்பிடுகிறபடி "தபால் அக்கா" என்று போட்டேன். மடித்து, வழக்கம்போல இடதுபக்கப் பெட்டியில் தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பெட்டிகளுக்குப் பக்கத்தில்தான் சங்கிலி ஜெபத்தின் அட்டை தொங்கியது. ஒரு நாளைக்கு இருபத்து நான்கு கட்டம், மணிக்கு ஒருவர். தம்பி விழுந்த மறுநாளே அதை மாட்டினார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு பஸ் கண்டக்டர், மதியம் மூன்றுக்குத் தையல்கார அம்மா என்று ஆள் மாற்றி ஆள் முழங்காலில் நின்றார்கள். அதில் என் பெயர் மட்டும் இல்லை. ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் இருக்க முடியாதவள் ஒரு மணி நேரத்துக்கு எங்கே போவது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் விண்ணப்பச் சீட்டுகளை வாசித்தார். எங்கள் போதகர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். குரல் கணீரென்று இருக்கும், பதற்றம் வந்தால் மட்டும் வியர்த்துக் கொட்டும். முழங்கால் வலி, பரீட்சை, வேலை, முதுகு என்று ஒவ்வொன்றாக வந்தது. என் சீட்டு வரவில்லை. தொலைத்துவிட்டார்கள் என்று எனக்குள் சூடு ஏறியது. ஒரு பெட்டியில் போட்ட காகிதத்தைப் பத்திரமாக எடுத்து வாசிக்கத் துப்பில்லையா இவர்களுக்கு? நான் நடத்தினால் தெரியும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

பிறகு நன்றிச் சீட்டுகளை எடுத்தார். இரண்டாவதைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது.

"சபையாரே... நம்ம தபால் அக்காவோட தம்பி! மூச்சு! வீடு!" குரல் உடைந்துவிட்டது அவருக்கு. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

எங்கிருந்தோ ஒரு கை தட்டியது. அப்புறம் மொத்த ஆலயமும் எழுந்து நின்றது. தையல்கார அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ பாட்டை எடுத்துக் கொடுக்க, கூரை அதிர்ந்தது.

நான் வாசல் பக்கம் திரும்பினேன். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. இடதுபக்கப் பெட்டிக்கு மேலே 'நன்றி' என்று இருந்தது. மணியடிக்கிறவரை நாங்கள் மணிக்காரர் என்போம். அவர்தான் வெள்ளையடித்துவிட்டுப் பெட்டிகளை இடம் மாற்றி மாட்டியிருந்தார், எழுத்தையும் சேர்த்துத்தான். ஏன் மாற்றினீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். "ஆணி அப்படி அமைஞ்சிடுச்சு" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதி வைத்திருந்தார், பார்க்காமல் போட்டவள் நான்.

அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். வெட்கம் ஒரு காரணம், மறுக்கவில்லை. இன்னொரு காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் நானும் நம்பிவிட்டேன். எனக்குத் தெரியாமல் காலையில் அவன் கண் திறந்திருப்பான், போதகருக்குச் செய்தி வந்திருக்கும் என்று ஒரு நாலு நிமிஷம் நம்பினேன். பத்து நாளில் என் முழங்கால் ஆடாமல் இருந்தது அந்த நாலு நிமிஷம்தான். பாட்டு நின்றதும் எல்லாம் திரும்பி வந்தது.

வெளியே வரும்போது மணிக்காரர் சங்கிலி ஜெப அட்டையைக் கழற்றிச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டிருந்தார். "முடிஞ்சதுக்கா, ஆண்டவர் நல்லவர்" என்றார். செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மேற்பார்வையாளர் ஒரு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"பதினாலு தபால் மாறிப் போச்சுக்கா. உங்க கட்டுலதான்." சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார், ஏதோ அவரே தப்புச் செய்ததுபோல. "உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன கேடு. கைதான் சரியில்லை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மறுநாள் பதினோரு மணிக்குக் குழாயை எடுக்கப் போகிறார்கள். அவனுக்காக முழங்கால் போட்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஏணியிலிருந்து ஒருமுறை கையை எடுத்தவள், இப்போது அத்தனை பேருடைய கையையும் சேர்த்து எடுத்துவிட்டேன். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தம்பி மனைவி அதே பெஞ்சில் இருந்தாள். நின்றுகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், சீட்டுக் கதையை ஒரே மூச்சில் கொட்டினேன். பெட்டி, சுண்ணாம்பு, பாட்டு, கழற்றின அட்டை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். சத்தமே இல்லை. குனிந்து பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு!

"நீங்களா அண்ணி? நீங்களா மாத்திப் போட்டீங்க? இவரு மட்டும் முழிச்சிருந்தா உங்களை வருஷம் பூரா ஓட்டியிருப்பாரு."

"சிரிக்காத. சபையே எழுந்து நன்றி சொல்லிடுச்சு. நடக்காத ஒண்ணுக்கு."

"சொல்லிட்டாங்கல்ல? இனி அதைத் திரும்ப வாங்க முடியுமா? போட்டது போட்டதுதான். அது இப்போ நம்மளுது இல்ல, போய்ச் சேர வேண்டியவருதுன்னு நீங்கதானே சொல்வீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது ஆண்டவர்கிட்டயே இருக்கட்டும். ஆனா அட்டையைத் திரும்ப மாட்டச் சொல்லுங்க. நாளைக்கு எனக்கு ஆள் வேணும்."

அந்தச் சிரிப்புதான் என்னை உடைத்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, "நான்தான்மா கையை எடுத்தேன்" என்றேன்.

"எந்தக் கையை?" என்று என் கைமேல் கையை வைத்தாள்.

"ஏணியை நான் பிடிச்சிருந்தேன். பால் தீயுதுன்னு விட்டுட்டுப் போனேன். அவன் மேல இருக்கும்போதே விட்டுட்டுப் போனேன்."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. என் கைமேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் ஒரே ஒருவர் உள்ளே போய்ப் பார்க்கலாம். மணி நான்கு ஆகியிருந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் மறுபடி நடக்க ஆரம்பித்தேன். முப்பத்தொரு அடி, திரும்பி முப்பத்தொரு அடி. இனி இந்த முகத்தில் எப்படி விழிப்பேன்? தம்பி எழுந்தால் அவனிடமும் சொல்ல வேண்டும். எழாவிட்டால்? அந்தப் பத்து நிமிஷம் என் வாழ்நாளிலேயே நீளமானது. காவலாளிகூட என்னை உட்காரச் சொல்லவில்லை.

வெளியே வந்தவளின் கண் சிவந்திருந்தது. பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க மேல கோபம் வருது அண்ணி. பொய் சொல்ல மாட்டேன்."

"வரட்டும்மா."

"நான் அமைதியா இருக்கேன்னு எல்லாரும் நினைக்குறாங்க. அமைதியெல்லாம் சும்மா வர்றதில்ல. காலையில பயத்தைக் கொண்டுபோய் ஆண்டவர்கிட்ட வைப்பேன். பத்து மணிக்குள்ள நானே போய்த் திரும்ப எடுத்துட்டு வந்துடுவேன். மறுபடி வைப்பேன். இந்தப் பதினோரு நாளா எனக்கு இதுதான் வேலை." மூச்சை இழுத்துவிட்டாள். "இப்போ இதையும் அங்கதான் வச்சிருக்கேன். என்னால ரெண்டைத் தூக்க முடியாது. உங்க தம்பியைத் தூக்கவே பலம் பத்தல. நாளைக்கு வந்து என் பக்கத்துல உக்காருங்க. நடக்காம உக்காருங்க. அது போதும்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அங்கிருந்து ஆலயத்துக்கு. போதகர் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குழாயைக் கீழே போட்டார். நெற்றியில் வியர்வை அரும்பிவிட்டது.

"ஐயோ அக்கா! அப்போ நேத்து நாம பாடினது?"

"பாடினது பாடினதுதான் பாஸ்டர். அட்டையை எடுங்க."

எடுத்தார். மணிக்காரர் மறுபடி மாட்டினார். போதகர் ஒவ்வொருவராகப் போன் போட்டு, தொண்டையைச் செருமி, சுற்றி வளைத்துச் சொன்னார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தையல்கார அம்மா சங்கிலியை விடவே இல்லையாம். "மூணு மணி அடிச்சா முட்டி தானா மடங்குது பாஸ்டர், நிறுத்தச் சொன்னா நிக்க மாட்டேங்குது" என்றாராம். ஒரு மணி நேரத்தில் கட்டங்கள் நிரம்பின, ஒன்றைத் தவிர. செவ்வாய்க்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு. எல்லோரும் வேலையில் இருக்கிற நேரம்.

போதகர் அதில் தன் பெயரை எழுதப் போனார். நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். மேலே இருப்பதை இரண்டு முறை படித்து, கட்டத்தை நன்றாகப் பார்த்து, என் பெயரை எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றுக்கு டாக்டரம்மாவும் இரண்டு நர்சுகளும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. நான் தம்பி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெபம் செய்ய வேண்டும். பன்னிரண்டு நாள் தூங்காத அவளுக்கு அப்போது பார்த்தா அசதி வர வேண்டும்! கண்ணை மூடியவள் என் தோளில் சாய்ந்தே போய்விட்டாள். இனி அசைந்தால் எழுந்துவிடுவாள். அசையக் கூடாது.

முழங்கால் ஆடத் தொடங்கியது. கையால் அழுத்திப் பிடித்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன், அழகான வார்த்தைகளாக. ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான். "நான் கையை எடுத்துட்டேன் ஆண்டவரே. நீங்க எடுத்துடாதீங்க."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எத்தனை முறை என்று தெரியாது. ஏதோ ஒரு தடவை சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தால் முழங்கால் நின்றிருந்தது. பயம் போய்விடவில்லை. கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்கு அப்போதும் தெரியாது. ஆனால் ஏணியின் அடியில் என்னைத் தவிர இன்னொருவர் நிற்கிறார் என்று இருந்தது. நான் கையை எடுத்தபோதும் நின்றிருந்தவர். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தோளில் அவள் பாரம், எதிரே சுவர், எனக்கு எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

"என்னம்மா, இன்னிக்கு ஊருக்குக் கிளம்பலையா?" என்றார் காவலாளி மெதுவாக. தலையை மட்டும் ஆட்டினேன்.

பன்னிரண்டு ஆவதற்குச் சற்று முன்னால் நர்சு கதவைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. பழைய மோட்டாரை இழுத்து ஸ்டார்ட் செய்வதுபோல ஒரு இருமல். முப்பது வருஷமாக நான் திட்டுகிற இருமல் அது. தோளில் இருந்தவள் விழித்துக்கொண்டாள்.

புதன்கிழமை கண் திறந்தான். வெள்ளிக்கிழமை என்னைப் பார்த்து, காற்றுப்போல ஒரு குரலில், "லைட்டு எரியுதாக்கா?" என்றான். அவனிடமும் ஏணியைப் பற்றிச் சொன்னேன். "பாலாவது தப்பிச்சுதா?" என்றான். அழுவதா அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கால்கள் மட்டும் இன்னும் அசையவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா.

சனிக்கிழமை ஆலயத்துக்குப் போனேன். "தம்பி. நடை. வீடு." என்று எழுதினேன். மேலே இருந்த எழுத்தைப் படித்து, இடதுபக்கப் பெட்டியில் சீட்டைப் பாதி நுழைத்தேன்.

"அக்கா, அக்கா!" மணிக்காரர் கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அது நன்றிப் பெட்டி!"

"தெரியும்" என்று உள்ளே தள்ளினேன். "ஆனா அட்டையை மட்டும் கழட்டிடாதீங்க."